தங்கிய நீரே காடு

(செஞ்சி வட்டாரத்து மேல்சித்தாமூரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு மழைக் கணக்கோடு தொடங்குகிறேன். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியது. அந்த இரவை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் காலை கணக்கெடுத்தபோது, நமக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. நம் பக்கம் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே ஏறத்தாழ 100 சென்டிமீட்டர்தான். அரை வருடச் சம்பளத்தை ஒரே நாளில் கையில் கொடுத்தது போல வானம் கொட்டிவிட்டுப் போனது.

இனி எந்த வருடமாவது சித்திரை மாதத்தில், அக்கினி நட்சத்திர வெயிலில், செஞ்சிக்குப் பேருந்தில் போகும்போது சன்னல் வழியாகக் குன்றுகளைப் பாருங்கள். பாறைகளுக்கு நடுவே புல் சருகாகிக் கிடக்கும். ஒதியன் மரம் ஓர் இலைகூட இல்லாமல், எரித்துவிட்ட விறகு போல நிற்கும். ஆனால் அதே குன்றில், இரண்டு பாறை சேருகிற இடுக்கில், ஒரு கல்லிச்சி மரம் பச்சைப் பசேலென்று நிழல் விரித்திருக்கும். அதன் கீழே ஆட்டுக்காரர் துண்டை விரித்துப் படுத்திருப்பார்.

ஒரே குன்று, ஒரே மழை, ஒரே வெயில். ஒரு மரம் மொட்டை, இன்னொரு மரம் பச்சை. பெய்த மழை எங்கே போனது? இந்த மரத்துக்கு மட்டும் எங்கிருந்து தண்ணீர் வருகிறது? இந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். லண்டன் மாநகரத்தில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் மழை சுமார் 60 சென்டிமீட்டர். நமக்குப் பெய்வதைவிட மிகவும் குறைவு. ஆனால் லண்டனை வறண்ட ஊர் என்று யாரும் சொல்வதில்லை. நம்மைத்தான் சொல்கிறார்கள். ஏன்? வரவை மட்டும் பார்த்தால் ஒரு வீட்டின் நிலைமை தெரியாது. செலவையும் பார்க்க வேண்டும். நம் வெயிலுக்கும் காற்றுக்கும் ஒரு வருடத்தில் ஆவியாக்கிவிடும் திறன், பெய்கிற மழையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கிறது. ஏரியில் நிறைந்த தண்ணீர் மதகைத் திறக்காமலே குறைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தச் செலவுதான் அது.

உலக அளவில் வறள்நிலத்தை இப்படித்தான் வரையறுக்கிறார்கள். வருட மழையை, அந்த ஊரின் ஆவியாக்கும் திறனால் வகுக்கிறார்கள். விடை 0.65-க்குக் கீழே வந்தால் அது வறள்நிலம். பூமியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 41 சதவீதம் இந்தக் கணக்குக்குள் வருகிறது. அங்கெல்லாம் மணல்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2017-இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு செயற்கைக்கோள் படங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து எண்ணிப் பார்த்தது. அதற்குமுன் கணக்கிலேயே வராத சுமார் 47 கோடி ஹெக்டேர் காடு வறள்நிலங்களில் இருப்பதாக அது சொன்னது. காடு என்றால் சிரபுஞ்சி மாதிரி இருக்க வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு, உயரம் குறைந்த, முள்ளும் புதருமான காடு காடாகவே தெரிவதில்லை. நம் செஞ்சிக் குன்றுகளும், பக்கமலைக் காப்புக்காடும் அப்படிக் கண்ணில் படாமல் போனவைதான்.

சரி, மரத்துக்குள் போவோம்.

ஒரு மரம் வளர வேண்டுமானால் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்க வேண்டும். அதற்காக இலையில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான இலைத்துளைகளைத் திறந்து வைக்கிறது. கதவைத் திறந்தால் காற்று உள்ளே வரும். வீட்டின் ஈரமும் வெளியே போகும். இதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தவிர்க்க மரத்தால் முடியாது. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இப்படியே ஆவியாகிப் போகிறது. ஒரு கிலோ உலர்ந்த பொருளை உடம்பில் சேர்க்க ஒரு மரம் சில நூறு லிட்டர் நீரைச் செலவழிக்கிறது. ஆகவே வறண்ட நாட்டில் மரத்தின் வளர்ச்சி என்பது, 'எத்தனை நாள் கதவைத் திறந்து வைக்க முடிந்தது' என்கிற கணக்குதான்.

இவ்வளவு நீரை மரம் எப்படி மேலே ஏற்றுகிறது? மோட்டாரும் இல்லை, ஏற்றமும் இல்லை. 1894-இல் டப்ளின் நகரில் ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி என்ற இருவர் இதற்கு விடை சொன்னார்கள். இலையில் நீர் ஆவியாகும்போது, அது தனக்குப் பின்னால் இருக்கும் நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால், வேர் வரைக்கும் ஒரே கயிறு போல இழுபடுகிறது. மண்ணில் ஈரம் இருக்கும்வரை கயிறு தளர்வாக ஓடும். மண் காயக் காய, கயிறு விறைக்கும். ஓர் அளவுக்குமேல் விறைத்தால் அறுந்துவிடும். அறுந்த இடத்தில் குழாய்க்குள் காற்றுக்குமிழி அடைத்துக்கொள்ளும். நம் வீட்டுக் குழாயில் காற்றுப் பிடித்தால் தண்ணீர் வராதே, அதே கதைதான்.

அந்தக் கயிறு அறுகிற ஓசையைக்கூட மனிதர் கேட்டிருக்கிறார்கள். 1966-இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாடுகிற ஓர் இலையின் காம்பில் நுண்ணிய ஒலிவாங்கியை வைத்துக் கேட்டார்கள். 'டக்... டக்...' என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒவ்வொரு 'டக்'கும் அறுந்த ஒரு நீரிழை. அவர்கள் எடுத்துக்கொண்ட செடி எது தெரியுமா? நம் வயல் வரப்பில் நிற்கிற ஆமணக்கு!

இந்தச் சிக்கலை நம் காட்டு மரங்கள் எப்படிச் சமாளிக்கின்றன? நம் ஊரிலேயே நாலு விதமான குடும்பங்கள் இருக்கின்றன.

முதல் குடும்பம் கடையைச் சாத்திவிடுகிறது. ஒதியன், வெட்பாலை, உசிலை எல்லாம் இப்படி. தை, மாசியில் ஈரம் குறைந்ததும் இலையை உதிர்த்துவிடும். இலை இல்லை, துளை இல்லை, செலவும் இல்லை, வருமானமும் இல்லை. மறுபடி ஈரம் வந்ததும் மெல்லிய, மலிவான இலைகளை வேகமாகத் துளிர்த்து, கிடைத்த சில மாதங்களில் சம்பாதித்துக்கொள்ளும்.

இரண்டாவது குடும்பம் உடம்பிலேயே சேமிக்கிறது. பாறைக் குன்றுகளில் மாசி, பங்குனியில் ஓர் இலைகூட இல்லாத கிளையில் பெரிய பெரிய மஞ்சள் பூவாகப் பூத்திருக்கும் கோங்கிலவைப் பார்த்திருப்பீர்கள். மழையே இல்லாத காலத்தில் அந்தப் பூவுக்கு நீர் எங்கிருந்து வந்தது? மரத்தின் தண்டு மென்மையானது, நீரைத் தேக்கி வைப்பது. இலையை உதிர்த்துச் செலவை நிறுத்திய பிறகு, தண்டில் இருக்கும் இருப்பை எடுத்துப் பூவுக்குக் கொடுக்கிறது. உங்கள் கொல்லை வேலியில் முள்கிளுவை இருந்தால் இன்றைக்கே போய் ஒரு காரியம் செய்து பாருங்கள். அதன் மேல்தோல் காகிதம் போல உரியும். உரித்த இடத்தை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருக்கும். வருடத்தில் பாதி நாள் இலையில்லாமல் நிற்கும் அந்தச் செடி, பட்டையை வைத்தே கொஞ்சம் சமைத்துக்கொள்கிறது.

மூன்றாவது குடும்பம் ஆழத்தில் தேடுகிறது. புளி, வேம்பு போன்றவை. நாம் வேலிக்காத்தான் என்று சொல்கிற சீமைக்கருவேலமும் இந்த வகைதான். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது, அதன் நெருங்கிய உறவுமரம் ஒன்றின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்ததாக 1963-இல் பதிவாகியிருக்கிறது. வேலிக்காத்தானை வெட்டுவது ஏன் இத்தனை கடினம், ஏரிக்குள் தண்ணீர் வற்றிய பிறகும் அது ஏன் சிரிக்கிறது என்பதற்கு விடை கீழே இருக்கிறது.

நான்காவது குடும்பம்தான் நம் பகுதியின் தனிச் சொத்து. இலையை உதிர்ப்பதும் இல்லை; அளவுக்குமேல் செலவு செய்வதும் இல்லை. காயா, வீரை, கருங்காலி, உலக்கைப்பாலை. இந்த மரங்களின் இலை ஒன்றைப் பறித்து மடித்துப் பாருங்கள். தோல் செருப்பின் வார் போல விறைத்து, பிறகு 'படக்'கென்று ஒடியும். சிறிய இலை, தடித்த இலை, மேலே மெழுகு பூசிய இலை. கோடையிலும் பச்சையாக நின்று, அதிகாலையில் கொஞ்ச நேரம் மட்டும் கதவைத் திறந்து, வெயில் ஏறியதும் ஒருக்களித்துச் சாத்திக்கொள்ளும் சிக்கனக் குடித்தனம். திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்வார்களே காயாம்பூ, அந்த நீலப் பூவைத் தருவது இந்தக் காயா மரம்தான்.

காட்டியல் நூல்கள் இந்த மரங்கள் சேர்ந்த காட்டை 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்கின்றன. கேட்கும்போதே முரணாக இருக்கும். உலர் காடு என்றால் இலை உதிர வேண்டாமா? மத்திய இந்தியாவில் இதே அளவு மழை பெய்கிற இடங்களில் தேக்கும் மற்ற மரங்களும் கோடையில் மொட்டையாகத்தான் நிற்கின்றன. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய இந்தப் பட்டையிலும், இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் மட்டும் ஏன் பச்சையாக நிற்கிறது? புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மெஹர்-ஹோம்ஜி போன்ற தாவரவியலாளர்கள் இந்தக் கேள்வியோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார்கள். அவர்கள் கவனித்தது மழையின் அளவை அல்ல, மழையின் பஞ்சாங்கத்தை.

மத்திய இந்தியாவில் ஆனி முதல் புரட்டாசி வரை பெய்துவிட்டு முழுதாக நின்றுவிடும். நமக்கு அப்படியில்லை. பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். பெய்து முடிந்ததும் வருவது மார்கழி, தையின் குளிர்ச்சி; ஆவியாகும் செலவு குறைவு. சித்திரையில் ஒரு கோடைமழை எட்டிப் பார்க்கும். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை இரண்டு மூன்று வரும். பெரிய சம்பளம் ஒருமுறை, நடுவே சில்லறை வரவு அவ்வப்போது. அப்படிப்பட்ட வீட்டில் கடையை முழுக்கச் சாத்துபவனுக்கு நடுவில் வரும் சில்லறை கிடைக்காது. எப்போதும் இலையோடு காத்திருப்பவனுக்குத்தான் கிடைக்கும். நம் காடு பச்சையாக இருப்பதற்கு இந்தச் சிதறிய மழை ஒரு முக்கியக் காரணம்.

நீர் கூடினால் வளர்ச்சி என்ன ஆகிறது என்பதற்கு, கடலைத் தாண்டி வன்னிக் காட்டைப் பாருங்கள். அங்கேயும் இதே வடகிழக்குப் பருவமழைதான். ஆனால் நம்மைவிடக் கூடுதலாகப் பெய்கிறது. மரங்களும் இவையேதான். நாம் பொரசு என்பதை அங்கே முதிரை என்கிறார்கள். வீரை வீரையேதான். உலக்கைப்பாலை அங்கே வெறும் பாலை, பருவத்தில் பாலைப்பழம் சந்தைக்கும் வரும். ஆனால் நம் ஊரில் இரண்டு ஆள் உயரத்தில் நின்றுவிடும் பாலை, அங்கே அண்ணாந்து பார்க்க வைக்கிறது. இனம் ஒன்று, பரம்பரை ஒன்று. கிடைத்த நீர்தான் உயரத்தை முடிவு செய்கிறது.

உயரம் குறைந்ததால் நம் மரம் ஏழை என்று நினைக்க வேண்டாம். 'உலக்கைப்பாலை' என்ற பெயரையே கவனியுங்கள். ஏன் உலக்கைக்கு இந்த மரம்? அதன் கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். கனம் எப்படி வந்தது? நான் சொன்ன நீர்க்கயிறு அறாமல் இருக்க வேண்டுமானால், குழாய்கள் மிகக் குறுகலாகவும் சுவர்கள் தடிப்பாகவும் இருக்க வேண்டும். அகலக் குழாயில் நீர் வேகமாக ஓடும், மரமும் வேகமாக வளரும், முருங்கை மாதிரி. ஆனால் வறட்சியில் முதலில் அறுவதும் அதுதான். குறுகிய குழாயில் நீர் மெதுவாகத்தான் ஏறும். வருடத்துக்கு ஒரு நூலளவுதான் பருக்கும். நூறு வருடம் கழித்து அது கருங்காலியாகவோ பாலையாகவோ நிற்கும். நம் பாட்டிகள் நெல் குத்திய உலக்கையின் கனத்தில் பாதி, அந்த மரம் தாங்கிய கோடைகளின் கனம்.

இதுவரை ஒரு மரத்தின் கதை. ஒரு காடு முழுக்க எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தமிழ்நாட்டிலேயே ஓர் இடத்தில் விடாமல் கவனித்து வருகிறார்கள். நீலகிரி மாவட்டத்தில் முதுமலை. மேற்கே ஈரமான காட்டில் மூங்கிலும் தேக்கும் ஓங்கி நிற்கும். கிழக்கே மசினகுடியைத் தாண்டி மாயாற்றுப் பக்கம் போகப் போக முள்காடாகிவிடும். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள், மழை குறையக் குறையக் காடு குனிவதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே 1988-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் சூழலியல் மையம், சுகுமார் என்ற ஆய்வாளரின் தலைமையில், 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டியது. இது எப்போது செத்தது, அது எவ்வளவு பருத்தது என்று ஊராட்சி மன்றத்தின் பிறப்பு-இறப்புப் பதிவேடு போல எழுதி வருகிறார்கள்.

அந்தப் பதிவேட்டில் ஒரு செய்தி என்னை உலுக்கியது. மழை பொய்த்த வருடத்தில் மரங்கள் கூட்டமாகச் சாகவில்லை. இரண்டு, மூன்று வருடம் கழித்துத்தான் சாவு கூடியது. ருதுஜா சித்ரா-தாரக் என்ற ஆய்வாளரும் தோழர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதன் உள்ளே போய்ப் பார்த்தது. மேல்மண்ணின் ஈரத்தைக் குடிக்கும் மரங்கள் வருடா வருடம் ஏறி இறங்கின. ஆழத்து நீரைக் குடிக்கும் மரங்கள் சாதாரண வறட்சியில் அசையவே இல்லை. ஆனால் வறட்சி வருடக்கணக்கில் நீண்டபோது, நிரப்ப ஆளில்லாமல் ஆழத்து இருப்பு கரைந்தது. அதை நம்பியிருந்த மரங்கள் அப்போது பெரிய அடி வாங்கின. வங்கியில் போட்ட பணத்தை மட்டும் நம்பி, வருமானம் நின்றதைக் கவனிக்காத குடும்பம் மாதிரி. ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் காட்டிலும் உண்டு, ஊரிலும் உண்டு.

இப்போது நம் குன்றுக்குத் திரும்புவோம். அந்தக் கல்லிச்சிக்கு யார் தண்ணீர் கொடுத்தது?

பாறைதான் கொடுத்தது. வெறும் பாறையில் விழும் மழை ஊறாது, வழிந்தோடும். வழிந்தது எங்கே போகும்? இடுக்குக்கும் அடிவாரத்துக்கும். குன்றின் மேல் ஒரு வட்டில் அளவுக்குப் பெய்தது, அடிவாரத்து இடுக்கில் பத்து வட்டிலாகச் சேருகிறது. அதனால்தான் நம் குன்றுகளில் உச்சி வழுக்கை, அடிவாரம் அடர்த்தி. கல்லுக்குள் ஈரம் என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை, இன்றைக்கு அளந்தே காட்டுகிறார்கள். கலிபோர்னியாவில் ஒரு மலைச்சரிவில் ரெம்பே, டீட்ரிச் என்ற இருவர் ஆழத் துளைகள் போட்டுப் பார்த்து, மக்கிய பாறையின் விரிசல்களில் வருட மழையில் 27 சதவீதம் வரை தேங்கியிருப்பதை 2018-இல் வெளியிட்டார்கள். கோடையில் மரங்கள் குடித்தது அந்த நீரைத்தான். கிணறு வெட்டுகிற நம் ஆட்கள் இப்படி மக்கிய பாறை வந்தால் முகம் மலர்வார்கள். ஏனென்று அவர்களுக்குத் தெரியும்.

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஏறத்தாழ 800 அடி உயரத்துப் பாறைக் குன்றான ராஜகிரியில் சுனை இருக்கிறது. கீழே செட்டிக்குளமும் சக்கரக்குளமும் மலை வடித்துத் தரும் நீரை வாங்கிக்கொள்கின்றன. அங்கிருந்து சுட்ட மண்குழாய் வழியாகக் கல்யாண மகாலுக்கு நீர் போயிருக்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் முற்றுகையைத் தாங்கி நின்றது அந்தக் கோட்டை. மதிலும் பீரங்கியும் மட்டும் அத்தனை வருடம் தாங்கியிருக்குமா? 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் இராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பார்க்க வருகிறவர்களிடம் மதிலைக் காட்டுங்கள். மதிலுக்குள் இருக்கும் சுனையையும் காட்டுங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடம்.

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் இருக்கிறது. மண்குதிரைகள் நிற்கும் கோயில். அதைச் சுற்றிய கோயில்காட்டுக்குள் நுழைந்தால் நடுப்பகலில் அந்தியாகிவிடும். காயா, வீரை, எட்டி, மேலே படர்ந்த கொடிகள், காலடியில் கணுக்கால் புதையச் சருகு. சருகை விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள்; பங்குனியிலும் மண் குளிர்ந்திருக்கும். கோயில்காட்டின் எல்லையைத் தாண்டி நூறு அடி வெளியே வாருங்கள். காரை, சூரைமுள், வெறுந்தரை, வெயிலில் கொதிக்கும் மணல். உள்ளே பெய்ததும் வெளியே பெய்ததும் ஒரே மேகம்.

ஆக, மழை மட்டும் காட்டை முடிவு செய்யவில்லை. வெளியே பல தலைமுறையாக வெட்டினார்கள், மேய்த்தார்கள், சருகை அள்ளினார்கள். மரம் போனதும் நிழல் போனது. சருகு போனதும் மண் இறுகியது. இறுகிய மண்ணில் மழை ஊறாமல் ஓடியது. ஓடும்போது மேல்மண்ணையும் கொண்டுபோனது. மிச்சமிருந்த மண்ணில் முள்தான் முளைத்தது. வானம் மாறாமலே நிலம் வறண்டுவிட்டது.

நம் முன்னோர் இதை வேறு மொழியில் சொல்லிவிட்டார்கள். ஐந்திணையில் பாலைக்கு மட்டும் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு அடையும் நிலைதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். சமண மரபில் வந்தவர் என்று நாம் போற்றும் இளங்கோவின் நூல் அது. சமண மரபுள்ள இந்த ஊரில் அதை நான் விளக்க வேண்டியதில்லை. என் வியப்பு வேறு: அந்தத் திணைக்குப் பெயர் தந்தது ஒரு மரம். எந்தப் பாலை மரம் என்பதில் அறிஞர்களிடம் வழக்கு உண்டு. எதுவானாலும், காய்ந்த நிலத்துக்கு, அங்கே காயாமல் நின்ற மரத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இயல்பு கெட்டதைத் திருப்ப முடியுமா? முடியும் என்பதற்குப் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரோவில் சாட்சி. 1968-இல் அங்கே குடியேறியவர்கள் பார்த்தது செம்மண் பொட்டல். மழை பெய்தால் கடலே சிவக்கும் அளவுக்கு மண் அரித்தது. அவர்கள் முதலில் செய்த வேலை கன்று நடுவது அல்ல, வரப்பு போடுவது. சரிவுக்குக் குறுக்கே வரப்பு, ஓடைக்குக் குறுக்கே தடுப்பு. தண்ணீர் நின்றது. அதன்பின் எதையும் தாங்கும் கத்திச்சவுக்கு போன்ற வெளிமரங்கள் நிழலுக்காக. அந்த நிழலில்தான் காயாவும் வீரையும் கருங்காலியும் திரும்பி வந்தன. செவிலித்தாய் வளர்த்துவிட்டு விலகிக்கொண்டது போல, புயல்களில் அந்த வெளிமரங்கள் சாய, உள்ளூர் மரங்கள் இடத்தைப் பிடித்தன. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நீர், பிறகு நிழல், பிறகுதான் காடு.

நாம் என்ன செய்கிறோம்? 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று சுவரில் எழுதுகிறோம். ஆடி மாதம் குழி தோண்டிக் கன்று வைத்துப் படம் எடுக்கிறோம். அடுத்த சித்திரையில் கூண்டு மட்டும் நிற்கிறது. எனக்கே இந்த அனுபவம் உண்டு. பல வருடம் முன்பு ஒரு பாறைச் சரிவில் நானும் நண்பர்களும் நூறு நீர்மருதங்கன்றுகள் வைத்தோம். ஆற்றங்கரை மரத்தைப் பாறைமேட்டில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா தம்பி? மொதல்ல அத கேளுங்க, மரத்த அப்பறம் கேக்கலாம்" என்றார். இத்தனை நேரம் நான் பேசியது அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு உரைதான்.

ஊர்ப் பெயர்களிலேயே அந்தப் பாடம் இருக்கிறது. திண்டிவனம் என்றால் புளியங்காடு. ஆழ வேர்விடும் மரத்துக்கு ஆழமான மண். செஞ்சியை ஒட்டிய சிறுகடம்பூரின் பெயரில் கடம்பு இருக்கிறது. ஈரம் தேடும் மரம். ஏரிக்கரையிலும் சங்கராபரணிக் கரையிலும் நீர்மருது, புங்கம், நாவல் வையுங்கள். சரிவில் உசிலை, பொரசு, வெட்பாலை. பாறை அடிவாரத்தில் காயா, வீரை, பாலை, அவசரப்படாமல். உச்சியில் புல்லையும் கல்லிச்சியையும் அவற்றின் போக்கில் விடுங்கள். ஏரிக்கு வரும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் அதைத் திறப்பது ஆயிரம் கன்று வைத்ததற்குச் சமம். கோடையில் குன்றுக்குத் தீ வைக்காதீர்கள். புல்லோடு சேர்ந்து எரிவது சருகு. சருகு எரிந்தால் அடுத்த மழை தங்க இடமில்லை. பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வையுங்கள். மழை எவ்வளவு என்று எழுதுவதோடு, மழை நின்று எத்தனை நாள் வரை கிணற்றுமட்டம் இறங்காமல் இருந்தது என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது எண்தான் உங்கள் ஊர்க் காட்டின் அளவுகோல்.

முடிக்கிறேன். பாறையில் தீர்த்தங்கரர் உருவம் செதுக்கி வழிபட்ட ஊர் இது. சமணம், செடிகொடிக்கு மட்டுமல்ல, நீருக்கே உயிர் உண்டு என்கிறது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்கிறது. வடிகட்டியதோடு வேலை முடியவில்லை. துணியில் தங்கியதை, மொண்ட அதே கிணற்றில் மெதுவாக இறக்கிவிட வேண்டும். தரையில் உதறக் கூடாது என்பது ஒழுக்கம்.

புத்துப்பட்டில் அந்தச் சருகை விலக்கியபோது எனக்கு இந்தத் துணிதான் நினைவுக்கு வந்தது. மழை மேலிருந்து அடிக்கிறது. இலை அதன் வேகத்தைத் தணிக்கிறது, சருகு வாங்கிக்கொள்கிறது, வேர் வழிகாட்டுகிறது. சொட்டுச் சொட்டாக அது நிலத்துக்குள் இறங்குகிறது. மயிலத்தில் அந்த ஒரு நாளில் பெய்த 50 சென்டிமீட்டரில் பெரும்பகுதி தரையில் உதறப்பட்ட தண்ணீர். அடுத்த புயல் வரும், வராமல் இராது. அதற்குள் நம் குன்றுகளின் மேல் துணியைக் கட்டி வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.